பெஞ்சில் இடம் உண்டு... ஆட்டத்தில்?

வித்தியாசமான பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. வகுப்பு சேர்த்துக்கொண்டதா? காரைக்காலை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

தெருவில் ஆடும் பிள்ளைகளிடம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத தம்பியை அண்ணன் ஆட்டத்துக்கு இழுத்து வருவான். சின்னவன் அழக் கூடாது. ஆட்டமும் கெடக் கூடாது. 'சரி, அவன் ஒப்புக்குச் சப்பாணி' என்று அறிவித்துவிட்டுப் பந்தை வீசுவார்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ரன் எடுத்தாலும் கணக்கில் சேராது. ஓடிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் அவனுக்கே விஷயம் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஆட வரமாட்டான்.

காது கேளாத, கண் பார்வை குறைந்த, நடக்கச் சிரமப்படும், எழுத்துகள் குழம்பும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரை நம் பள்ளிகள் இப்படித்தான் நடத்துகின்றன. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. சீருடை, புத்தகம், மதிய உணவு எல்லாம் முறையாகக் கிடைக்கின்றன. ஆனால் அவர்கள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வகுப்புக்கு ஒன்றுதான்.

கும்பிட்டு ஒதுக்கிய கதை

இந்த விஷயத்தைப் பேசக் காரைக்காலுக்குத் தனிப் பாத்தியதை உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு துண்டுகளில் ஒன்று இது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, கிழக்கே கடல். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சம் பேர். இந்தச் சின்ன வட்டாரத்தின் இரண்டு பெரிய வழிபாடுகளுமே 'எல்லாரையும் போல' இல்லாதவர்களுக்கானவை. திருநள்ளாற்றில் எள் தீபத்தோடு கூட்டம் வரிசைகட்டும் சனி பகவான், புராணப்படி காலை விந்தி நடப்பவர். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைத்துக் கொண்டாடப்படும் காரைக்கால் அம்மையாரோ, அழகையும் சதையையும் உதறிவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அறுபத்து மூவர் வரிசையில் மற்ற நாயன்மார்கள் நிற்க, அவர் ஒருவருக்கு மட்டும் அமர்ந்த கோலம்.

அம்மையாரின் கதையில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஓர் இடம் இருக்கிறது. மனைவி சாதாரணப் பெண் இல்லை என்று தெரிந்ததும் கணவன் பரமதத்தன் அவரை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வணிகத்துக்கென்று கப்பல் ஏறிப் போனவன் வீடு திரும்பவில்லை. பாண்டிய நாட்டில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். உறவினர்கள் புனிதவதியாரை (அம்மையாரின் இயற்பெயர் அதுதான்) பல்லக்கில் அழைத்துப் போய் அவன்முன் நிறுத்தியபோது, புது மனைவி, மகளோடு வந்து காலில் விழுந்தான். அந்த மகளுக்கு அவன் வைத்திருந்த பெயரும் புனிதவதிதான். பக்திக்குக் குறைவே இல்லை. கூட இருந்து வாழத்தான் அவனால் முடியவில்லை.

இன்றைக்கும் அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையைப் பார்த்தால், 'தெய்வக் குழந்தைங்க' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நல்ல மனசுக்காரர்கள் நம்மிடையே ஏராளம். அதே ஆட்கள், தங்கள் பிள்ளை அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்காருவதாகத் தெரிந்தால் மறுநாள் பள்ளி வாசலில் நிற்பார்கள். 'இவன் படிப்பு கெட்டுடும் சார், கொஞ்சம் இடம் மாத்திப் போடுங்க.' கேலி செய்வது மட்டும்தான் ஒதுக்குவது என்று நினைக்கிறோம். கும்பிடு போட்டும் ஒதுக்கலாம். பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ரப்பருக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டும்.

சட்டம் தயங்கவில்லை

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டது. அதற்குப் பதிலாக வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. அதன் 16-வது பிரிவு, பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதாவது, கணக்கு வகுப்பில் உட்கார வைத்துவிட்டு விளையாட்டுப் பீரியடில் ஓரம் கட்டுவதும் சட்டப்படி தவறு. 31-வது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 92-வது பிரிவு. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லும் 'டேய் செவிடா' எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆள் பலத்துக்கும் கணக்கு இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதம் வகுத்தது. நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ-க்கு மாறியிருக்கின்றன. அந்த வாரியத்தின் இணைப்பு விதிகளும் சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்கின்றன. பொதுத் தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆள், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 60 நிமிடம் போன்ற சலுகைகளும் உண்டு. மாறிய பாடத்திட்டம் கடினமா, எளிதா என்று வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். அதோடு கூடவே வந்த இந்த உரிமைகளைப் பற்றிப் பேச்சைக் காணோம்.

சட்டத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே எவ்வளவு தூரம்? இந்தியாவில் ஐந்து வயது மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை என்று யுனெஸ்கோவின் 2019 அறிக்கை சொன்னது. போகிறவர்களின் கதை இனிமேல்தான்.

'நீ பையைப் பார்த்துக்கோ'

எந்தப் பள்ளிக்கும் விளையாட்டுப் பீரியடில் போய்ப் பாருங்கள். மைதானத்தில் கபடியோ கோகோவோ நடந்துகொண்டிருக்கும். வேப்பமரத்தடியில் பைகள், தண்ணீர் பாட்டில்கள், கழற்றிப்போட்ட செருப்புகள் குவிந்திருக்க, அவற்றுக்குக் காவலாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். 'உன்னால ஓட முடியாதுல்ல, நீ பையைப் பார்த்துக்கோ.' சொன்னவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். வருடம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு அந்த வேலைதான். ஆண்டுவிழா நடனத்தில் 'அடுத்த வருஷம் பார்ப்போம்.' கல்விச் சுற்றுலாவுக்குத் தரங்கம்பாடிக் கோட்டைக்கோ வேளாங்கண்ணிக்கோ போகும்போது, 'பஸ்ல ஏறி இறங்க உனக்குக் கஷ்டம், வீட்டிலேயே இருந்துடு.' எல்லாமே அக்கறை மாதிரிதான் இருக்கும். பத்து வருடப் படிப்பு முடிந்து பார்த்தால், அந்தப் பிள்ளை ஒரு குழுப் படத்திலும் இருக்காது.

இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். ஓட முடியாத பையன் மட்டை பிடித்தால் ரன் எடுக்க இன்னொருவன் ஓடட்டும். தெருக் கிரிக்கெட்டில் பிள்ளைகள் தாமாகவே போட்டுக்கொள்ளும் விதிதான் இது. கேரம், சதுரங்கம், எறிபந்து என்று ஆட்டத்தை மாற்றிப் போட்டால் மரத்தடிக்கு ஆளே தேவைப்படாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பையன் எடுத்த ரன் கணக்கில் சேர வேண்டும். அவுட் ஆனால் அவுட்தான்.

வகுப்பறைக்குள்ளும் பெரும்பாலான மாற்றங்கள் காசில்லாதவை. காதுக் கருவி போட்ட பிள்ளையைக் கடைசி பெஞ்சில், லொடலொடக்கும் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கருவி ஆசிரியரின் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துத் தருவதில்லை. விசிறிச் சத்தத்தையும், பெஞ்சு இழுபடும் சத்தத்தையும், சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரனையும் சேர்த்தே பெரிதாக்கிக் காதில் கொட்டுகிறது. முன்வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தாமல் வகுப்பைப் பார்த்துப் பேசினால் மீதியிலும் பாதி முடிந்தது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் பார்வை குறைந்த மாணவி பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எழுத்து குழம்பும் பையனைத் திடீரென எழுப்பி 'வாசி' என்று சொல்லாமல், விடையை வாய்மொழியாகக் கேட்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, இன்று எதற்குப் பிறகு எது என்பதைக் காலையிலேயே பலகையில் எழுதிப் போட்டால் பதற்றம் குறையும். சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குப் போகும்போது, எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தால், வகுப்பைக் கீழே இறக்க வேண்டியதுதான். மேஜை நாற்காலியைத் தூக்க அரை நாள் போதும்.

'ஏன் மிஸ் அவன் அப்படி?'

பிள்ளைகள் கேட்பார்கள். 'ஏன் மிஸ் அவன் கையை ஆட்டிக்கிட்டே இருக்கான்?' 'அவளுக்கு ஏன் பேச்சு வரல?' இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் வகுப்பின் போக்கே இருக்கிறது. 'ஷ்ஷ்... அப்படியெல்லாம் கேட்கக் கூடாது' என்று வாயடைத்தால், அதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். 'பாவம், சாமி அப்படிப் படைச்சுட்டார்' என்றால் பரிதாபத்தைக் கற்றுக்கொள்ளும். 'போன ஜென்மத்துப் பாவம்' என்பது எல்லாவற்றையும்விடக் கொடுமை.

உள்ளதைச் சொல்லலாமே! 'அவனுக்குச் சத்தம் அதிகமானால் தாங்காது. கையை ஆட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். உனக்குப் பயம் வந்தால் நகம் கடிக்கிற இல்லையா?' எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். அடுத்த நிமிடம் அது வேறு விஷயத்துக்குப் போய்விடும். குழந்தையின் கேள்வியில் வன்மம் கிடையாது. வன்மம், பெரியவர்கள் ஒளித்து மறைத்த பதில்களிலிருந்து முளைப்பது.

பட்டப்பெயர்களும் அப்படித்தான். நொண்டி, சோடாபுட்டி, திக்குவாய், லூசு என்று நம் பள்ளிகளில் புழங்கும் பெயர்களில் பல, திரைப்பட நகைச்சுவையிலிருந்து இறங்கி வந்தவை. அந்தக் காட்சிக்கு வீட்டு ஹாலில் குடும்பமே சேர்ந்து சிரித்த பிறகு, பள்ளியில் பிள்ளை அதையே சொன்னால் மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்?

'உதவியாளர்' விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பல வகுப்புகளில் அமைதியான, நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டிவிடுவார்கள்; பெரும்பாலும் அது பெண் பிள்ளை. நாளடைவில் உதவுகிறவருக்கு அது சுமை, உதவி பெறுகிறவருக்கு அது கடன். முறைபோட்டு எல்லாரும் செய்வதுதான் நல்லது. கொடுக்கல் இருந்தால் வாங்கலும் இருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படும் பையன் கணக்கில் புலியாக இருப்பான். அவனிடம் கற்றுக்கொள்ள நாலு பேரை உட்கார வைக்க வேண்டும். உதவி ஒரே திசையில் ஓடினால் தோழமை வராது.

முதல் ரேங்க் யாருக்கு?

2022 செப்டம்பரில் காரைக்காலின் பெயர் நாட்டின் செய்திகளில் எல்லாம் அடிபட்டது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குளிர்பானத்தில் கலந்திருந்த விஷத்தால் இறந்துபோனான். உடன் படிக்கும் மாணவியின் தாய்தான் அதைக் காவலாளி மூலம் கொடுத்தனுப்பினார், படிப்பில் இருந்த போட்டியே காரணம் என்றது போலீஸ். ஊர் பதறியது, மறியல் நடந்தது. பிறகு அது ஒரு குற்ற வழக்காகக் கோப்புக்குள் போய்விட்டது.

அந்தக் கொடுமையை எல்லாப் பெற்றோர் மேலும் ஏற்றிச் சொல்வது தவறு. ஆனால் அந்தப் பதற்றத்தில் நாம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. வகுப்பு என்பது ஓட்டப் பந்தயம் மட்டும்தான் என்று ஆகிவிட்டால், முன்னால் ஓடுகிறவன் எதிரியாகிறான். பின்னால் வருகிறவன் பாரமாகிறான். நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பொறுக்க முடியாத வகுப்பால், மெதுவாகப் படிக்கும் பிள்ளையையும் பொறுக்க முடியாது. 'அவனால் நம் பள்ளி ரிசல்ட் கெட்டுவிடும்' என்று சொல்லி ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுக்கத் துடிக்கும் மனநிலையும் இந்த ஓட்டத்தில் பிறப்பதுதான்.

யார் பக்கத்தில் யார்?

வேறுபாடு உடலில் மட்டும் இல்லை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மீனவப் பிள்ளைகள், நெடுங்காட்டிலும் நிரவியிலும் வயல் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள், ஊருக்குள் வணிகம் செய்யும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள், பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஒரு காலை பாரிஸிலும் ஒரு காலை இங்கும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்று காரைக்கால் வகுப்பறை பலவிதம். 'மேல மீன் வாடை வருது' என்று ஒருத்தன் மூக்கைப் பிடித்தால், அடுத்தவன் பள்ளியையே வெறுக்க அது போதும்.

சாதி இந்த விஷயத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாங்குநேரி காட்டியது. 2023 ஆகஸ்டில், பிளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தொடர்ந்து தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை என்ற பரிந்துரைதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. அதே அறிக்கையில் சத்தமில்லாமல் இன்னொரு பரிந்துரையும் இருந்தது: வகுப்பில் மாணவர்கள் அகர வரிசைப்படி உட்கார வேண்டும். யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகளின் பழக்கத்துக்கும் பெற்றோரின் சிபாரிசுக்கும் விட்டால், ஊர் தெருவாரியாகப் பிரிந்திருப்பதுபோல வகுப்பும் பிரிந்துவிடும் என்று அறிந்த யோசனை அது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். காது, கண் பிரச்சினை உள்ளவர்களை முன்னால் கொண்டுவர வேண்டும். மற்றபடி அவர்களுக்கென்று தனி மூலை கூடாது.

மழைக்காலச் சாய்தளம்

காரைக்காலில் ஐப்பசி பிறந்தால் கதை மாறும். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் களிமண் பூமி குழைந்து, மைதானம் குளமாகும். சாய்தளம் கட்டினோம், கைப்பிடி வைத்தோம் என்று பள்ளி கணக்குக் காட்டும். ஆனால் கேட்டிலிருந்து சாய்தளத்தின் அடி வரை முழங்கால் சேறு என்றால் சக்கர நாற்காலி எப்படி வரும்? ஊன்றுகோல் புதைந்து நிற்கும். கார்த்திகை முடிகிற வரை அந்தப் பிள்ளைக்கு வருகைப் பதிவில் விழுவது எல்லாம் 'ஆப்சென்ட்'தான். கேட்டிலிருந்து வகுப்பு வரை நாலடி அகலத்துக்கு ஒரு சிமென்ட் பாதை போட்டால் தீர்ந்தது. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. பல இடங்களில் இருப்பதோ பைக் ஏற்றி நிறுத்த வசதியான செங்குத்துச் சரிவு.

கழிப்பறை இதைவிட முக்கியம். நாற்காலி நுழையாத கதவுக்குப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி இந்தத் துறையில் வேலை செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சிறப்புப் பள்ளி வேண்டாமா?

'அவங்களுக்கென்று தனிப் பள்ளி இருக்கே, அங்கே சேர்த்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களே' என்பது வழக்கமான வாதம். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் எழுந்திருக்காவிட்டால், பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவே கிடைத்திருக்காது. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி தெரிந்தவர்கள் சூழ்ந்த இடம் பெரிய வரம். யாருமே சைகை அறியாத வகுப்பில் தனியாக உட்கார வைப்பதைச் சேர்த்துக்கொள்வது என்று சொல்ல முடியாது. அதனால்தான் சட்டம் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறது. 'இங்கே முடியாது, அங்கே போங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தைப் பள்ளிக்குக் கொடுக்கவில்லை.

காரைக்கால்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. உறவினர்கள் வாழும் பிரான்சில் 2005 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, எந்த மாற்றுத்திறன் குழந்தையின் பெயரையும் வீட்டுக்கு அருகிலுள்ள பொதுப் பள்ளியில் பதிந்தாக வேண்டும். தேவைப்படுகிற பிள்ளைக்கு வகுப்பிலேயே கூட இருந்து உதவ ஆட்களை அரசு நியமிக்கிறது. ஆள் போதவில்லை, சம்பளம் போதவில்லை என்று அங்கேயும் போராட்டங்கள் நடக்கின்றன. ஆனாலும் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அங்கே விவாதமாக இல்லை. உதவியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் சண்டை. நாமும் அந்தச் சண்டைக்கு நகர வேண்டும்.

பெற்றோர் கையில் ஒரு பிடி

அந்தச் சண்டைக்கான கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும். 2012-ல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் பிள்ளைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. ஆக, அந்த அம்மாக்களும் அப்பாக்களும் குழுவில் உட்காருவது அவர்கள் உரிமை. ஆனால் மாற்றுத்திறன் பிள்ளையின் தாய் மட்டுமே எழுந்து பேசினால், 'உங்க பிள்ளைக்காகக் கேக்குறீங்க' என்று முடித்துவிடுவார்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளையின் தாய் பேசும்போது அது பள்ளியின் பிரச்சினையாகும்.

எனவே அடுத்த கூட்டத்துக்குப் போகும் எல்லாப் பெற்றோரும் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்: போன வருஷம் டூருக்கு யார் யார் வரவில்லை? ஆண்டுவிழா மேடையில் யார் யார் ஏறவில்லை? மழை மாதங்களில் யாருடைய வருகை விழுந்தது? மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் மூன்றிலும் வந்தால், அந்தப் பெயருக்கு எதிரே என்ன செய்யப்போகிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.